குருத்தோலை ஞாயிறும் ஒரு சோடிச் சப்பாத்தும்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நொர்வேயில், ட்வெய்ட்டா என்ற இடத்தில் ஒரு பல்பொருள் கடையில், ஆட்கள் தாங்களாகவே பொருளை ஸ்கேன் செய்து காசு கட்டும் மெஷின்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பது என் வேலை. யார் இறைச்சியை நிறுத்துவிட்டு வாழைப்பழம் என்று அழுத்துகிறார், யாருடைய தள்ளுவண்டியில் பிள்ளைக்குக் கீழே கோப்பித்தூள் கிடக்கிறது என்பதெல்லாம் தூரத்திலேயே தெரிந்துவிடும். கையைப் பார்த்துப் பயனில்லை, முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றும் எடுக்காதவர்கள்தான் என்னைக் கண்டதும் பதறுவார்கள். எடுத்தவர் முகத்தைச் சாதாரணமாக வைத்திருக்கப் பாடுபடுவார்.

ஆகவே, என் கணவர் ஒரு மாலை தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "இந்தமுறை ஈஸ்டர் பெரிய கிழமைக்கு ஸ்பெயினுக்குப் போவம்" என்று சொன்னபோது, நான் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அது மிகவும் சாதாரணமாக இருந்தது. நாங்கள் இருக்கும் புருசெத்திலிருந்து நகரத்துக்குள் போகவே அலுத்துக்கொள்ளும் மனிதர். கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் தானாக ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டவர் இல்லை.

"என்ன புதினம்?" என்றேன்.

"ஒரு புதினமும் இல்லை. செவில்லாவிலை தெருவாலை நல்ல சுற்றுப்பிரகாரம் போகுமாம். பாப்பமே எண்டு."

எனக்குப் பிடிபடவில்லை. அதற்கு மேல் கிளறவும் முடியவில்லை, ஏனென்றால் அப்போது நானும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். மாசி மாதம் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள், அது போதாதென்று ஈஸ்டருக்குக் கிட்ட இன்னொரு தரமும் எடுக்க நாள் குறித்தார்கள். முடிவை ஈஸ்டர் விடுமுறை கழிந்ததும் தொலைபேசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். கணவரிடம் நான் மூச்சுவிடவில்லை. அவருடைய தாய் அதே வருத்தத்தில்தான் போனவர். நல்ல முடிவென்றால் சொல்லவே தேவையில்லை. கெட்டதென்றால் எப்படியும் சொல்லத்தான் வேண்டும். அதுவரைக்கும் ஒரு மனிதனின் நித்திரையை ஏன் கெடுப்பான் என்று நினைத்தேன்.

ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். எங்கள் தமிழ்ப் பூசையில், கோயில் வாசலில் ஒரு மன்றாட்டுப் பெட்டி இருக்கும். யாரும் பெயர் போடாமல் ஒரு துண்டில் எழுதிப் போடலாம். பூசையில் அதை எல்லாருக்காகவும் வாசிப்பார்கள், பூசை முடிந்ததும் துண்டுகளை எரித்துவிடுவார்கள். அந்த மாதம் வாசிக்கும் முறை என் கணவருடையது. அதனால் வேலையில், கோப்பி குடிக்கும் நேரத்தில், கையில் அகப்பட்ட தாளில், எழுத்துத் தெரியாமல் இருக்க இடது கையால் எழுதினேன். எட்டாக மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

"சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய்க்காக மன்றாடுகிறோம்" என்று அவர் வாசித்தார். நான் மூன்றாம் வரிசையில் இருந்து முகத்தைப் பார்த்தேன், குரலைக் கேட்டேன். கொஞ்சமும் ஆடவில்லை. அடுத்த துண்டு யாரோ ஒருவர் கார் ஓட்டும் சோதனையில் பாஸாக வேண்டுமென்று. அதையும் அதே குரலில் வாசித்தார். எனக்குப் பெரிய ஆறுதல்.

அதற்கு அடுத்த கிழமைதான் ஸ்பெயின் கதை வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கூத்துகள் தொடங்கின. வேலைத்தலத்து ஸ்பானியர் ஒருவரோடு குளியலறைக்குள் நின்று தொலைபேசியில் குசுகுசுத்தார். குதிக்காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினார். பங்குனியில் ஒரு காலை, பல்கனியில் கிடந்த பனியில் வெறுங்காலோடு நின்றார்.

"காலிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. காத்து வாங்கிறன்."

"பனிக்குள்ளையோ?"

"உடம்புக்கு நல்லதாம்."

ஐம்பத்தேழு வயதில் குதிக்காலைக் கவனிக்கும் ஆம்பிளைக்கு ஒன்றில் சீனி வருத்தம், அல்லது வேறு ஆள். இரண்டையும் வைத்து மாறி மாறி யோசித்தேன். அவருடைய மருந்துத் தட்டைப் பார்த்தேன், ஜக்கெற் பொக்கற்றுகளைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது.

செவில்லாவில் இறங்கிய நாளிலிருந்து எனக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. வாடகை அறைக்காரி தேவைக்கு மேல் சிரித்தாள். ஆரஞ்சுத் தோடைமரங்கள் தெருவெல்லாம் பூத்து வாசம் வீசின, அதுகூட எதையோ மூடி மறைக்கப் பூசிய வாசனைத் தைலம் போல இருந்தது. களவுக்குப் பயந்து கைப்பையை இடது தோளில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன், உரசும்போதெல்லாம் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். கணவர் திரும்பிப் பார்த்து, "பாக்கை மற்றத் தோளிலை போடும்" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான்."

ஊசி குத்திய இடம் இன்னும் நோவது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க முடியாது. தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தோளை மாற்றினேன்.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் தெருவோரத்தில் இடம்பிடித்து நின்றோம். முதலில் வந்தவர்கள் முகத்தை முழுக்க மூடியவர்கள். கூம்புத் தொப்பி கழுத்துவரை இறங்கியிருக்க, கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை. கையில் நீட்டு மெழுகுதிரி. அது தவம் செய்பவர்களின் உடுப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓரடி பின்னால் தள்ளி நின்றேன். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால், ஆமி இப்படித்தான் காட்டிக்கொடுக்கும் ஒருவனின் முகத்தை மூடி, கண்ணுக்குத் துளை விட்டுக் கொண்டுவந்து இருத்தும். நாங்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போவோம். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வீட்டுக்கு வரமாட்டார். இங்கே ஒரு துளைக்குள்ளிருந்து ஒரு சோடிக் கண் என்னைப் பார்த்துவிட்டுக் கடந்து போனது. அந்தத் தலை ஆடுகிறதா என்று பார்த்தேன். என்னிடம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது போல ஒரு பயம் பிடித்தது.

மேளம் கிட்ட வந்தது. மாதாவின் சொரூபம் பூவும் மெழுகுதிரியுமாக, அடியில் ஒளிந்திருந்து தூக்குபவர்களின் தோளில் மெல்ல ஆடி வந்தது. அது எங்களைத் தாண்டும்போது கணவர், "நீர் இதிலையே நில்லும். கழிவறைக்குப் போட்டு வாறன்" என்றார்.

முகம் மிகவும் சாதாரணமாக இருந்தது.

பத்து அடி விட்டு நான் பின்தொடர்ந்தேன். கடையில் செய்வதுதானே. அவர் ஒரு மூலைப் படியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தார், எங்கள் கடைப் பைக்குள் இரண்டையும் போட்டார். பிறகு சொரூபத்துக்குப் பின்னால் நடந்த சனத்துக்குள் நுழைந்துகொண்டார். அங்கே இன்னும் சிலர் வெறுங்காலோடு நடந்தார்கள். ஒரு கிழவி அழுதுகொண்டே நடந்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சீனி வருத்தமும் இல்லை, வேறு ஆளும் இல்லை. நேர்த்திக்கடன். மனிதர் யாருக்காகவோ நேர்த்தி வைத்திருக்கிறார்.

தெருவெல்லாம் சனம் கடித்துத் துப்பிய சூரியகாந்தி விதைக் கோது. அதற்கு மேல் சொட்டிய மெழுகு. அவர் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். நான் கரையால் நடந்தேன். ஒன்றரை மணித்தியாலம். ஓரிடத்தில் சொரூபத்தை இறக்கி வைத்தபோது, அவர் தன் தொலைபேசியில் ஒரு படத்தைப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினார். அவள் தலையை ஆட்டி, கையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். முகம் செத்துப்போய்த் திரும்பியவர், கரையில் என்னைக் கண்டார்.

"மாதா மாறிப்போச்சு" என்றார். "அந்த ஸ்பானியன் சொன்ன மாதா ஆத்துக்கு அங்காலை. நான் பிழையான மாதாவுக்குப் பின்னாலை நடந்திட்டன்."

"எல்லாம் ஒரே தாய்தானே" என்றேன். மனதுக்குள் நம்பாமல்தான் சொன்னேன். ஊரில் மடு மாதாவுக்கு வைத்த நேர்த்தியை வேறு கோயிலில் தீர்க்கிற ஆட்கள் இல்லை நாங்கள். "ஆருக்கு வைச்ச நேர்த்தி?"

அவர் பேர்ஸைத் திறந்து, எட்டாக மடித்த துண்டை என் கையில் வைத்தார். என் இடது கை எழுத்து. எரித்திருக்க வேண்டிய துண்டு.

கோபம்தான் முதலில் வந்தது. "என்னெண்டு தெரியும்? எழுத்தையே மாத்தித்தானே எழுதினனான்."

"எழுத்தை ஆர் பாத்தது? திருப்பிப் பாரும்."

திருப்பினேன். பில் அடிக்கும் ரோலில் இருந்து கிழித்த தாள். பின்பக்கத்தில் மங்கலாக எங்கள் கடையின் பெயரும் ட்வெய்ட்டாவும், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் விதிமுறையும். எங்கள் பூசைக்கு வருபவர்களில் அந்தக் கடையில் வேலை செய்வது நான் ஒருத்திதான். ஊரார் ஒளிப்பதையெல்லாம் பிடிக்கிறவள், இதைக் கவனிக்கவில்லை.

"வாசிக்கேக்கை உங்கடை குரல் ஆடேல்லையே?"

"ஆடினால் உமக்குத் தெரிஞ்சிடுமெல்லோ" என்றார்.

அவருடைய இடது குதிக்காலில் இரத்தம். நடைபாதை விளிம்பில் இருவரும் இருந்தோம். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். மாசி மாதத்திலிருந்து அதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்கும் பயம்தான் என்றார். "அங்காலை போய் மற்ற மாதாவுக்குப் பின்னாலையும் நடக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம், சப்பாத்தைப் போடுங்கோ என்றேன்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை காலை, புருசெத்தில், குசினி மேசையில் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி. நான் பெயரைச் சொன்னேன், என் கணவர் கேட்பார் என்று சொன்னேன், அவர் கையில் கொடுத்தேன். அவர் காதில் வைத்தபடி என்னையே பார்த்தார். "யா" என்றார். கொஞ்சம் பொறுத்து, நாங்கள் இருவரும் வருகிறோம் என்று நொர்வேஜிய மொழியில் சொன்னார்.

குரல் கொஞ்சமும் ஆடவில்லை. நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.