யாழ் கச்சேரி, ஒரு நாள் மட்டும்

ஜீவராணிக்கு வேலை கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வீடு கொட்டாஞ்சேனையில். வீட்டுக்குப் போனதும் உடுப்பு மாற்றி யாழ் வாசிக்க உட்காருவாள். வீணை இல்லை, யாழ். தமிழர் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னரே கைவிட்ட நரம்பு வாத்தியம். பழைய நூல்களைத் துருவி அவள் கீறிய படத்தைப் பார்த்து, வத்தளையில் கிற்றார் திருத்துகிற ஒருவர் செய்து கொடுத்தார். முதலில் செய்தது கதவால் உள்ளே போகவில்லை, கொஞ்சக் காலம் அதில்தான் உடுப்புக் காயப்போட்டார்கள். அவளைக் கேட்டால் இல்லையென்பாள். நீங்கள் என்னை நம்புங்கள்.

வீட்டுச் சுவர் மட்டும் பண் கேட்டது போதும், மாதம் ஒருமுறையாவது ஆட்கள் முன்னால் வாசிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தின் செயலாளர் பாலசுந்தரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தார். மண்டபம் நிறைந்து சனம் கடைசிவரை இருந்தால் மாதாமாதம் அவளுக்கு. இல்லாவிட்டால் யோகா வகுப்புக்கு.

விளம்பரம் கணவன் பிறெடியின் பொறுப்பு. கொழும்பைத் தாண்டி, வத்தளைக்கு வடக்கே என்ன இருக்கிறதென்று கவலைப்படாத மனிசன். காலி வீதி நெடுகப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டான்: 'யாழ் கச்சேரி. வெள்ளவத்தையில் ஒரு நாள் மட்டும். அனுமதி இலவசம்.'

யாழ்ப்பாணத்தார் நிறைந்த இடத்தில் யாழ் கச்சேரி என்றால் வேறென்ன? யாழ் என்றால் யாழ்ப்பாணம், கச்சேரி என்றால் அங்கேயிருக்கிற அரசாங்கக் கந்தோர், மாவட்ட அலுவலகம்தான். காணி, பென்சன் என்று எதற்கும் இரவு பஸ் ஏறி ஓடுகிற சனம், அதுவே காலடிக்கு வந்தால் விடுமா? ஞாயிறு காலை மண்டபம் நிறைந்து வாசலில் வரிசை. எல்லார் கையிலும் பைல். குறிப்பெடுக்கக்கூட வந்திருக்கிறார்கள் என்று பிறெடி மனைவியின் காதில் பெருமைப்பட்டான்.

அவள் யாழோடு மேடையேறவும் முன்வரிசையில் தயாபரன் என்ற பெரியவர் எழும்பினார்.

"பிள்ளை, அரியாலைக் காணிக்கு எந்த மேசை?"

"இது வேற யாழ், ஐயா."

விளங்கியதும் கதிரைகள் இழுபட்டன. சனம் எழும்பியது. பாலசுந்தரம் கதவடியில் நின்று தலையை ஆட்டினார். ஜீவராணி மைக்கைப் பிடித்தாள்.

"உண்மையான கச்சேரி எண்டால் மத்தியானம் வரைக்கும் பேசாமல் இருந்திருப்பியள்தானே. எனக்கு ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ."

தயாபரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இருக்க, மற்றவர்களும் இருந்தார்கள்.

யாழின் சத்தம் மெல்லியது. மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னாள். சனம் பைலால் விசுக்கியது. இரண்டாவது பண்ணில் அதுவும் நின்றது. வெளியே பஸ் கொண்டக்டர் கூவுவதை விட்டு எட்டிப் பார்த்தான். வெள்ளவத்தைக் கடல் ஓர் அலையை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது.

முடிந்தபிறகும் ஒருவரும் எழும்பவில்லை. இன்னொன்று வாசிக்கச் சொன்னார் தயாபரன். காணி எங்கேயும் ஓடாதாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஜீவராணிக்குக் கிடைத்தது. விளம்பரத்தை மட்டும் திருத்தும்படி பாலசுந்தரம் பிறெடியிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவனும் திருத்தினான். இப்போது 'யாழ் இசைக் கச்சேரி' என்றுதான் இருக்கிறது. அந்த 'இசை'யை வாசிக்க ஜீவராணியின் கடையில் கண்ணாடி வாங்கவேண்டும்.