அண்ணாவின் குரலுக்குக் கீழே இருந்த பாட்டுகள்

இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்கள் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். அண்ணாவின் கசெற் ஒன்று, பட்டினத்துக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. பத்து நிமிடம் பேசியிருந்தார். குளிரைப் பற்றி, சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவுவதைப் பற்றிச் சொன்னார். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டார். "சரி, வைக்கிறன்" என்று முடித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மா என்பதால் கசெற்றை நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு பாட்டின் நடுவிலிருந்து கிற்றார்கள் குசினிக்குள் வந்து விழுந்தன.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் சினிமாப் பாட்டும் தேவாரமும்தான். இது ஆங்கிலம். பாதிச் சொற்கள் விளங்கவில்லை. ஒரு பெண் பாடினாள். உச்சிக்குப் போகும்போது அவள் குரல் உடைந்தது. அதை மறைக்காமல் உடைந்த குரலிலேயே மேலே போனாள். ஒரு பாட்டு முடிந்ததும் கதிரை ஒன்று கிறீச்சிட்டது, யாரோ மெல்லச் சிரித்தார்கள். பிழைகளை இப்படி அப்படியே விட்டுவைக்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. கசெற்றின் அந்தப் பக்கம் முடியும்வரை அசையாமல் நின்றேன். கையில் மா காய்ந்து வெடித்திருந்தது.

நான் விரிகுடாவுக்கு அக்கரையில், மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். திங்கள் காலை பட்டினத்து இறங்குதுறையிலிருந்து லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் போய், வெள்ளி பின்னேரம் திரும்பி வருவேன். அதே லோஞ்சில் ஒரு கணக்கு டீச்சரும் வருவார். பட்டினத்து முஸ்லிம் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூதூரில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் வேலை. எப்போதும் பக்கத்தில்தான் இருப்போம். ஒரு நாள் அந்தக் கசெற்றை என் வோக்மனில் போட்டு, இயர்போனில் ஒன்றை அவர் காதில் கொடுத்தேன். கடலைப் பார்த்தபடி கேட்டார். குடைப்பிடியில் அவர் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

"நாலு இல்ல தங்கச்சி. ஏழு" என்றார்.

என்ன ஏழு என்று கேட்டேன்.

"ஏழேழாத் தட்டுறாங்க. ஒவ்வொரு ஏழு முடியக்குள்ளயும் விழப் பாக்குது. ஆனா விழல்ல."

அதற்குள் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஏதோ ஒன்று இடறுகிறது என்று மட்டும்தான் எனக்குப் பட்டிருந்தது. அவர் எண்ணிக் காட்டிய பிறகு, அந்தப் பாட்டின் எலும்பே தெரிவதுபோல் இருந்தது.

அந்தக் காலத்தில் லோஞ்சில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. சில நாட்களில் கரையிலிருந்து ஷெல் சத்தம் வரும். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவோம். எங்கள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மூதூர்க் கரை வருவதற்குள் இரண்டு பக்கமும் முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பட்டினத்து இறங்குதுறைச் சோதனையில் காவலுக்கு நின்ற சிப்பாய் வோக்மனை எடுத்துப் போட்டுப் பார்த்தார். முதல் பக்கம் தொடக்கத்தில் இருந்தது. தமிழில் ஓர் ஆண்குரல் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அண்ணா என்று நான் சொன்னது தமிழ் தெரியாத அவருக்கு விளங்கவில்லை. தகரக் கொட்டிலில் இருந்த நீள மர வாங்கைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். மற்றவர்கள் போய்விட்டார்கள். டீச்சரையும் போகச் சொன்னார்கள். "இவ என்னோட வந்தவ. நான் இருக்கன்" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கத்தில் இருந்துகொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து மேசையில் இருந்து இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். குளிர், கோப்பை, முழங்கால் என்று இப்போது எதைக் கேட்கிறார் என்பதை நாங்கள் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். கிற்றார்கள் வந்தபோது அவர் தோள் துள்ளியது. இயர்போனைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தோம். அவர் கழற்றவில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார்.

"இது ஆர் பாடுறது?" என்றார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். உண்மையே அதுதான். அவர் வோக்மனை மட்டும் திருப்பித் தந்தார். கசெற்றைப் பார்க்க வேண்டும், இங்கே இருக்கட்டும் என்றார். அது திரும்பி வரவேயில்லை.

அடுத்த திங்கள் லோஞ்சில் சும்மா இருந்தோம். துறைமுக வாய் தாண்டியதும் டீச்சரின் விரல் குடைப்பிடியில் ஏழு தட்டத் தொடங்கியது. நான் வாய்க்குள் முனகினேன். பாட்டுப் பாட்டாகப் போனோம். ஓர் இடத்தில் நான் வரிசையை மாற்றிவிட்டேன். அவர் தலையை ஆட்டித் திருத்தினார். குரல் உடையும் இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தோம். மூதூரில் இறங்கும்போது கடைசிப் பாட்டில் இருந்தோம். ஒன்றும் தவறவில்லை. சொல்லில் பாதி விளங்காத இரண்டு டீச்சர்மாருக்குள் அவ்வளவும் எப்போது குடிவந்தது என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

நடந்ததை அண்ணாவுக்கு எழுதி, அந்தப் பாட்டுகள் ஆருடையவை என்று கேட்டேன். மாதங்கள் கழித்து, அதே பாட்டுகள் முழுவதும் உள்ள புதுக் கசெற்றும் கடிதமும் வந்தன. அவரோடு கோப்பை கழுவும் ஒருவன்தான் முதல் கசெற்றைக் கொடுத்தானாம். அவனும் அவன் தங்கையும் இரண்டு கூட்டாளிகளும் ஒரு வீட்டின் நிலவறையில் தாங்களாகவே பதிந்தது. கம்பனி ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றாகத் தாங்களே பிரதி எடுத்தார்கள். இதற்கு இண்டி ராக் என்று பெயராம். அண்ணா அதைப் போட்டுக் கேட்காமலே அதன் மேலே பேசிப் பதிந்துவிட்டார். இலங்கையில் கடலுக்கு நடுவில் இரண்டு டீச்சர்மார் கேட்கிறார்கள் என்று சொன்னதும், அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கவிழ்த்திருந்த வாளியின் மேல் குந்திவிட்டானாம்.

சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணாவின் குரல் அழித்துவிட்டதால் நாங்கள் கேட்டிராத முதல் பாட்டு பெரிய முழக்கமாக இருக்கும் என்றே இரண்டு பேரும் நினைத்திருந்தோம். கிற்றாரும் இல்லை, தாளமும் இல்லை. அந்தக் குரல் மட்டும், அறையில் ஆளே இல்லாததுபோல் பாடியது. டீச்சர் தட்டத் தூக்கிய விரல் அப்படியே நின்றது.

இரண்டாம் பாட்டு முழங்கியபோது அவருடைய கணவர் அடுத்த அறையிலிருந்து வந்து, இது என்ன சத்தம் என்று கேட்டார்.

"இருங்க" என்று டீச்சர் ஒரு கதிரையைத் தள்ளினார்.

அவர் இருந்தார். பக்கம் முடிந்து கசெற் பெட்டியின் விசை மேலே எழும்பியதும், எழுந்து போய், கசெற்றைத் தானே மறுபக்கம் மாற்றிப் போட்டார்.