கரையிலும் வந்த ரத்தம்

நானும் தம்பி அந்தோணியும் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள். ஆழம் கூடினால் எங்களுக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம் வரும். இரண்டு நாள் கரையில் இருந்தால் நின்றுவிடும். அதனால் இருபத்துமூன்று வயதுத் தம்பி இருமி ரத்தம் துப்பியபோது, படகே கேட்கும்படி சிரித்தேன். "ஏலே, பயமா இருந்தா கரையில உக்காந்து வலை பின்னு."

கடலுக்குப் போகாத நாட்களிலும் அவனுக்கு ரத்தம் வந்திருக்கிறது. சொல்லாமல் மறைத்துவிட்டான். ஒன்றரை வருடம் கழித்துக் காய்ச்சலில் விழுந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தோம். மூச்சுக்குழாயில் கட்டி.

"பீடி குடிக்காத சின்ன வயசுக்காரங்களுக்கும் அபூர்வமா வரும். மெதுவா வளர்ற கட்டி. முதல்ல ரத்தம் வந்தப்பவே காட்டியிருந்தா கொஞ்சம் வெட்டினாலே போதுமா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். இடது நுரையீரலையே எடுத்துவிட்டார்கள்.

"ஏம்ல சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ சிரிப்பன்னுதான்."

இப்போது அவன் கரையில் உட்கார்ந்து வலைதான் பின்னுகிறான். என் வாய் சொன்ன வேலை.

இருமலில் ரத்தம் என்று யார் சொன்னாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறேன். படகில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடையது.