ஐந்து மணி ஜீப்பும் ஏழு மணிக் கழிப்பறையும்

கருத்தம்மாள் முப்பது வருடம் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் பறித்தாள். தோட்டத்து ஜீப்பு மலையடிவாரத்து ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். அவள் குடியிருந்த சந்தில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. நிலையத்தில் நகராட்சிக் கழிப்பறை இருந்தது. துப்புரவுப் பணியாளர் ஆயம்மாள் நாலரைக்கே திறந்து கழுவி வைத்திருப்பாள். மலைப்பாதையில் ஆண்களுக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் கழிப்பறைதான். பெண்களுக்கு இது ஒன்றுதான்.

தனியாரிடம் விட்டால்தான் சுத்தம் வரும் என்று நகராட்சிக் கூட்டத்தில் கவுன்சிலர் விஜயபாண்டி பேசினார். கை தட்டினார்கள். குத்தகை வெளியூர்க் கம்பெனிக்குப் போனது. அங்கிருந்து உள்குத்தகையாக விஜயபாண்டியின் மச்சானுக்கு வந்தது. அவ்வளவு தூரம் சுற்றியதில் சுத்தம் களைத்துப்போனது. ஆயம்மாளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். டைல்ஸ் பதித்தார்கள். மச்சான் தூங்கி எழுந்து ஏழு மணிக்குத் திறந்தார்.

கருத்தம்மாள் நகராட்சியில் கேட்டாள். "கம்பெனிகிட்ட விட்டாச்சும்மா." கம்பெனிக்குப் போன் போட்டாள். "நேரமெல்லாம் நகராட்சிதான் சொல்லணும்." டிப்ளமோ படித்த மகள் முத்துப்பிரியா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்தத்தை வாங்கினாள். முப்பத்தொரு பக்கம். டைல்ஸின் நிறம் இருந்தது. திறக்கும் நேரம் இல்லை. திறக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் கருத்தம்மாளுக்கு வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர், சிறுநீரகம் கெடுகிறது, நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே என்றார்.

"குடிக்கிறேன் சார். போறதுக்கு ஒரு எடமும் எழுதிக் கொடுங்க."

அவர் மாத்திரை மட்டும் எழுதினார்.

மறுநாள் ஜீப்பு டிரைவர் பால்ராஜிடம் வண்டியைக் கவுன்சிலர் வீட்டுக்கு விடச் சொன்னாள். பதினோரு பெண்கள் இறங்கினார்கள். விஜயபாண்டி வாயில் பிரஷ்ஷோடு வந்தார்.

"மனுன்னா பத்து மணிக்கு வாங்காத்தா."

"மனு இல்ல அப்பு, ஒண்ணுக்கு. பத்து மணி வரைக்கும் தாங்காது."

"பின்பக்கமா வாங்கக்கா" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சந்திரவல்லி கூப்பிட்டாள்.

தினமும் போனார்கள். நாலாம் நாள் விஜயபாண்டியே வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றார்.

"வெரசா வாங்காத்தா, எனக்கும் சோலி இருக்கு."

"இருங்கப்பு. ஏழு மணிக்கு உங்க மச்சான் தொறப்பாருல்ல, அங்க போங்களேன்" என்றாள் ஜீப்புக் கூட்டாளி மொக்கம்மாள்.

பதினோரு பேர், தலைக்கு ஒரு வாளி, பதினேழு நாள். கவுன்சிலர் வீட்டுக் கழிவுத் தொட்டி நிரம்பி வாசலுக்கு வந்தது.

"நாளையிலருந்து நாலரைக்குத் தொறக்கச் சொல்றேன்" என்றார் விஜயபாண்டி.

"எழுதிக் கொடுங்க" என்றாள் கருத்தம்மாள்.

"எழுதினா நானுல்ல பொறுப்பாயிருவேன்?"

"அதுக்குத்தான் கேக்குறேன்."

சந்திரவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு பேனாவை நீட்டினாள். "நேரத்தையும் எழுதுங்க, பேரையும் எழுதுங்க. வீட்ல உலை வைக்க முடியல."

விஜயபாண்டி எழுதினார். நாலரைக்குத் திறந்த நிலையத்துக் கழிப்பறை கருத்தம்மாளுக்குப் பதினான்கு மாதம் கிடைத்தது. சிறுநீரகத்துக்கு அது பிந்திப்போனது. கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையில், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய கிரியேட்டினின் 11.4. முத்துப்பிரியா இரண்டு முறை படித்தாள். எண் மாறவில்லை.

விஜயபாண்டி சாவு வீட்டுக்கு ரோஜா மாலையோடு வந்தார். மொக்கம்மாள் வாசலில் மறித்தாள்.

"இன்னைக்கு நாலரைக்குத் தொறந்துச்சா?"

"தொறந்துச்சாத்தா. பாத்துட்டுத்தான் வர்றேன்."

"அப்பப் போடுங்க."