சுவருக்கு அப்பால் என் அக்கா

வேலியோரம் யாரோ கோவை இலையைக் கசக்கிப் போட்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் வலியசாலைத் தெருவில் எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டி, அக்காவும் நானும் படித்த ஓர் ஓலைப் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் கரும்பலகைக்குக் கரியும் கோவை இலையும் அரைத்துப் பூசிக்கொடுத்தது என் அக்கா, பெரியவளானதும் படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்த பிறகும். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இங்கிலீஷ் பாடத்தைக் கேட்பாள்.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்து, 'டேக்' என்ற சொல்லை எத்தனை அர்த்தத்தில் சொல்லலாம் என்று கேட்டார். எடுப்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவருக்கு அப்பால் தேய்க்கும் சத்தம் நின்றது. மருந்து சாப்பிட, படம் பிடிக்க, லீவு போட, நாற்காலியில் உட்கார என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கணீரென்று வந்தது.

"யாரது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதொண்ணுமில்ல சார், அடுத்தாத்துச் சத்தம்" என்றார் வாத்தியார்.

முந்தின வருஷம்வரை அந்தச் சத்தத்துக்கு முதல் மார்க் போட்டவர் அவர்தான்! அக்கா பூசிய பலகையில் அக்கா சொன்னதை எழுத என்னிடம் சாக்பீஸை நீட்டினார். வாங்கி எழுதினேனே, வயிறு எரிவது அதற்குத்தான்.