ஓரத்து மொட்டைத் தலை

எங்கள் புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் படமெடுப்பதைத் தொழிலாகச் செய்பவர் யாரும் இல்லை. ஒருவர் படம் போட்டால் மற்றவர்கள் முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், பிறகு குறையை, கூடவே அதைச் சரிசெய்ய ஒரு வழியை. வெறும் கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் நண்பர் ஒரு படம் போட்டார். திருத்தணி மலைப்படியில் பூக்காவடியோடு ஒரு பெண். நான் எழுதினேன்: ‘முகத்தில் விழுந்த வெளிச்சம் அருமை. ஆனால் வலது ஓரத்தில் கேமராவோடு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சந்தனம் பூசிய மொட்டைத் தலை பளிச்சென்று கண்ணை இழுக்கிறது. அவரை வெட்டிவிடுங்கள்.’

நண்பர் உடனே போன் செய்தார்.

“ஆங், வெட்டிடலாம்ணா. கோச்சிக்க மாட்டீங்களே? அது நீங்கதான். நேத்து காலைல மொட்ட போட்டுகினு நேரா அங்கதான் வந்து நின்னீங்க.”

தலையைத் தடவியபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் சட்டைதான், என் கேமராதான். அப்படியும் அந்த ஆள் அங்கே நின்றிருக்கக் கூடாது.

“வெட்டிடுங்க” என்றேன்.