மைக்கில் விழுந்த பெயர்

கம்பெனி வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தணிகாசலம் என் கையில் ஒரு பேப்பரைத் திணித்தான்.

"பதினோரு பேரு கீது. பின்னாடி நின்னுகினு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுப்பா."

பதினோரு பேரும் என் அசெம்பிளி லைனில் இருந்த தென்மாவட்டப் பெண்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு பிரேக் பார்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான்; இது சர்வீஸில் இருந்தபோது நடந்தது. ஆயுத பூஜை நாடகத்துக்குப் பிராம்ப்டரும் நான்தான். தணிகாசலம் எப்போதும் ராஜா. அப்படியொரு குரல்! மனப்பாடம்தான் சுத்தமாக வராது. திரைக்குப் பின்னாலிருந்து எதைச் சொன்னாலும் அப்படியே முழங்குவான். ஒருமுறை "மைக் கிட்ட வா" என்று கிசுகிசுத்தேன். ராஜா சபையைப் பார்த்து, "மைக் கிட்ட வா!" என்று கர்ஜித்தார்.

அந்தக் குரலுக்காகவே உள்ளூர்ப் பையன்கள் அவனைத் தலைவனாக்கினார்கள். நிலம் கொடுத்த ஊருக்கு வேலை கொடு என்று கேட்டவரை நானும் கூடவே நின்றேன். நியாயம்தானே? அப்புறம் அவன் கைத்தட்டலில் ருசி கண்டுவிட்டான். 'வெளியூர்க்காரனை விரட்டு' என்றால் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கேட்டுக்குள் ஹெச்.ஆர். மேனேஜர் நோட்டோடு நின்றார். வாசிக்கிற பெயருக்கெல்லாம் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அர்த்தம்.

"இந்த மண்ணை விட்டு வெளியேற வேண்டிய முதல் ஆள்..." என்று இழுத்துவிட்டு, தணிகாசலம் எனக்காகக் காத்திருந்தான்.

"வல்லம் வடகால் பரந்தாமன்" என்றேன். உள்ளூர்க்காரனான என் பெயர்தான்.

"வல்லம் வடகால் பரந்தாமன்!"

கூட்டம் திருதிருவென்று முழித்தது. "இன்னா தலைவா, நம்ம பரந்தாமன் அண்ணனையா? அவுரு எந்த ஊருக்குப் போவாரு?" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நான் மைக்கை வாங்கினேன். "மொதல்ல என்னை அனுப்புங்க. அப்பால அந்தப் பொண்ணுங்களப் பத்திப் பேசலாம்." யாரும் கை தட்டவில்லை. அடுத்த பெயரையும் யாரும் கேட்கவில்லை. மேனேஜர் நோட்டை மூடினார்.

சர்வீஸில் ஷீல்டுகள் வாங்கியிருக்கிறேன். ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது இதை மட்டும்தான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ஆட்களை விரட்ட உங்கள் கையில் யாராவது பட்டியல் கொடுத்தால், முதலில் உங்கள் பெயரைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

மறுநாள் காலை ஷிஃப்டில் தூத்துக்குடி முத்துலட்சுமி கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணாச்சி, லிஸ்ட்ல ஒங்க பேரு மட்டுந்தானாமே? எப்ப கெளம்புதிய?"

பதினோரு பேரும் சிரித்தார்கள்.